இலங்கையின் வன்னியைக் களமாக வைத்து, போர்க்காலக் காதலையும் இன்றைய காதலையும் இணைக்கும் நாவலை எப்படி எழுதுவது?

அம்மாவின் காதல் 2008இல், மகளின் காதல் 2025இல், நடுவே பரணில் கிடைக்கும் கடிதக் கட்டு. இப்படியொரு நாவலுக்கு முதலில் தோன்றும் இந்தத் திட்டம் வன்னியில் இரண்டு இடத்தில் உடைகிறது: வயதிலும் பரணிலும்.

முதலில் வயது. 2008இல் 20 வயதில் காதலித்தவளுக்கு 2025இல் 37. பிள்ளை 2009இல் பிறந்திருந்தாலும் இப்போது பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற வயது. அந்தப் பிள்ளையைக் காதல் நாவலின் நாயகியாக வைக்கக் கூடாது. ஐரோப்பியப் போர்க் காதல் நாவல்களில் பாட்டியும் பேத்தியும் வருவதற்குக் காரணம், 1940களுக்கும் இன்றைக்கும் நடுவே இரண்டு தலைமுறை இருப்பதுதான். வன்னிக்கு அந்த இடைவெளி இன்னும் வரவில்லை. ஒன்று, 2008இன் நாயகியே இன்றும் நாயகியாக இருக்க வேண்டும்; 37 வயதில் இரண்டாவது காதல். அல்லது பழைய கதையை 1990களுக்குத் தள்ள வேண்டும். அம்மாவும் மகளும்தான் வேண்டுமென்றால் இரண்டாவது வழியையே எடுங்கள்.

1990களில் காதலைப் பிரிக்கக் கற்பனையாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்கு வந்தபோது ஒரு பகுதிச் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது, இன்னொரு பகுதி கிளாலிக் கரையால் படகேறி வன்னிக்கு வந்தது. அவன் வீட்டார் திரும்புகிறார்கள், அவள் வீட்டார் படகேறுகிறார்கள். அதன்பின் வன்னியூடாகச் செல்லும் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறப்பது 2002 ஏப்ரலில். ஆறு வருடம். அவளுக்கு 1998இல் வேறொருவருடன் கலியாணம், 1999இல் மகள். பாதை திறந்த கிழமையே அவன் அவளைத் தேடி வந்தால், கையில் மூன்று வயதுப் பிள்ளையுடன் அவள் வாசலில் நிற்பாள். பழைய கதையின் உச்சம் அந்த வாசல்தான். குண்டுச் சத்தத்தில் உச்சத்தைத் தேடாதீர்கள்.

ஆனால் 1999இல் பிறந்த மகளுக்குப் போர் முடிந்த 2009 மே மாதத்தில் பத்து வயது. அவளும் பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) இருந்தவள், கஞ்சிக்கு வரிசையில் நின்றவள், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்தவள். போரைப் பற்றி எதுவும் அறியாத இளம்பெண் மெல்ல மெல்ல உண்மையைக் கண்டுபிடிப்பது என்ற வழமையான ஓட்டம் அவளிடம் பொய்யாகிவிடும். போர் அவளுக்குத் தெரியும். அம்மா யாருக்காகக் காத்திருந்தாள் என்பதுதான் தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதி நாவல் தானாக அமையும்.

இனிப் பரண். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த குடும்பத்திடம் கடிதக் கட்டு மிஞ்சாது. கூரை ஓடுகளைக் கழற்றி, கதவைக் கழற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றியவர்கள், கடைசியில் ஒரு பையோடு நடந்தார்கள். அந்தப் பைக்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிட், கொஞ்ச நகை. புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் நிற்கும் படங்களை இராணுவப் பக்கம் வருமுன் பலர் கிழித்தார்கள், எரித்தார்கள், புதைத்தார்கள். மாத்தளன் மணலில் பங்கர் வெட்டினால் சுவர் நிற்காது. சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள், கூறைச் சேலை உட்பட. ஆகவே இரண்டு காலத்தையும் இணைக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி: இது எப்படித் தப்பியது, யார் கையில் தப்பியது?

கடிதம்தான் வேண்டுமென்றால், அது தப்புவது எழுதியவளிடம் அல்ல, பெற்றவனிடம். அவன் யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருந்தால் அவள் எழுதியவை அங்கே இருக்கும். அவன் எழுதியவை வன்னி மண்ணுக்குள் போயிருக்கும். மகளுக்குக் கிடைப்பது உரையாடலின் ஒரு பாதி. மறுபாதியை அவள் ஊகிக்கிறாள், பிழையாக ஊகிக்கிறாள், அந்தப் பிழையை நம்பித் தன் காதலில் ஒரு முடிவெடுக்கிறாள். இரண்டு கதைகளும் உண்மையில் முட்டிக்கொள்வது இப்படித்தான். செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்திப் படிவத்தையும் பயன்படுத்தலாம். அது ஒட்டாத திறந்த தாள், குடும்ப நலச் செய்தி மட்டும்தான் எழுதலாம், வழியில் யாரும் வாசிக்கலாம். “பெரியம்மாவின் மாடு இன்னும் கட்டையிலேயே நிற்கிறது” என்று எழுதி “நான் இன்னும் காத்திருக்கிறேன்” என்று அவனுக்கு விளங்கச் செய்ய வேண்டும். இப்படி நான்கைந்து வரி நன்றாக அமைந்தால் நாற்பது பக்க ஏக்கத்துக்குச் சமம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அம்மாவின் பழைய காதலரின் மகனே இன்றைய காதலன் என்ற முடிச்சு. வாசகர் ஐந்தாம் அத்தியாயத்திலேயே பிடித்துவிடுவார். அதன்பிறகு இருவரும் சகோதரங்களா என்று தேதிகளைக் கூட்டிக் கழிப்பதிலேயே கவனம் போய்விடும்.

1996 முதல் 2002 வரையான அத்தியாயங்களில் பொருட்கள் பிழைத்தால் வன்னி வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்ட விளக்கு. பற்றரி கிடையாது, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 1990இலேயே நின்றுபோன யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது 2013இல், யாழ்ப்பாணத்துக்கு 2014இல்; நடுவே இரயில் நிலையத்தில் யாரையும் சந்திக்க வைக்காதீர்கள். 1996 செப்ரெம்பரிலிருந்து 1998 செப்ரெம்பர் வரை கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் இருந்தது; அந்த இரண்டு வருடமும் உங்கள் பாத்திரங்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் இருக்கட்டும். சந்திக்கும் இடம் ரியூசன் கொட்டில், கோயில் திருவிழா, சைக்கிள் கடை. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில், மடு ஆவணித் திருவிழா ஓகஸ்ட்டில். காலபோக நெல் விதைப்பு ஐப்பசி மழையோடு, அறுவடை தை மாசியில்.

இன்றைய பகுதி பெரும்பாலும் சப்பென்று போகும். அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லாததுதான் காரணம். மகளுக்கு அவளுடைய சொந்தக் கெடு ஒன்று வேண்டும்: வெளிநாட்டுச் சம்பந்தம், விசா நேர்முகம், இராணுவம் விடுவிக்காத காணி. அவளைக் கண்ணிவெடி அகற்றும் பணியில் வைப்பது நல்ல தேர்வு. பழைய போர்முனையான முகமாலையில் அந்த வேலையைச் செய்தவர்களில் வன்னிப் பெண்கள் நிறையப் பேர். ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலிட்டு, மண்ணை விரல்கனமாகச் சுரண்டிப் போகிறவளின் பொறுமை அவள் காதலிலும் தெரியும். காதலுக்குத் தடை வேண்டுமென்றால் சாதியும் சீதனமும் இன்றும் இருக்கின்றன. 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களை “அவர்கள் வேறு” என்று ஒதுக்கும் வழக்கமும் இருக்கிறது. இதைத் தொட நாவல்கள் தயங்கக் கூடாது.

அமைப்புக்கு, 80,000 சொல் நாவலென்றால் 36 அத்தியாயம் போதும். பழையது 20, இன்றையது 16. இரண்டையும் தனித்தனியே முழுக்க எழுதி முடித்துவிட்டுப் பின்னிப் பாருங்கள். மாறி மாறி எழுதினால் ஒன்றின் குரல் மற்றதில் ஏறிவிடும். பழைய காதலர்கள் “நீர்” என்று பேசட்டும், இன்றையவர்கள் வாட்ஸப்பில் “டா” போடட்டும். இன்றைய அத்தியாயத்தில் எழும் கேள்விக்கு அடுத்த பழைய அத்தியாயத்திலேயே விடை கொடுக்காதீர்கள்; ஒன்று தள்ளிக் கொடுங்கள். அம்மா இன்றும் உயிரோடு இருக்கிறாள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிவதால், “பிழைப்பாளா” என்ற பதற்றம் உங்களுக்கு உதவாது. 2002இல் அவன் வந்து கூப்பிட்டபோது அவள் ஏன் போகவில்லை என்பதில் பதற்றத்தை வையுங்கள்.

2009ஐ எந்த அத்தியாயத்துக்கும் களமாக்க வேண்டாம் என்பேன். மகளின் நினைவாக, அவள் பத்து வயதில் கண்ட அளவுக்கு மட்டும் வரட்டும். ஆட்களிடம் கேட்டு எழுதுவதானால் ஊரையும் உறவு முறையையும் மாற்றுங்கள். அவர்களைப் பற்றிய பகுதியை அச்சுக்கு முன் அவர்களுக்கே வாசித்துக் காட்டி, வேண்டாமென்று சொல்வதை வெட்டுங்கள். காணாமல் போனவரை இன்னும் தேடும் குடும்பம் என்றால், அந்த ஆளுக்கு நாவலில் சாவு எழுதாதீர்கள்.