கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறு குழந்தைகளோடு இயற்கைப் பொருள்களால் வீட்டை அலங்கரிப்பது எப்படி?

குளிர்நாட்டு வீட்டில், பிளாஸ்டிக் ஜிகினா இல்லாமல், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடியது எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் பரிந்துரை உலர்த்திய ஆரஞ்சு வில்லைகள். பழத்தைக் குறுக்குவாக்கில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி (கத்தி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும்), ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டு 3 முதல் 4 மணி நேரம் உலர்த்தினால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது சுளைகள் வண்ணக் கண்ணாடிபோல் ஒளிரும். நடுவில் பிசுபிசுப்பு மிஞ்சினால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் அவசரப்பட வேண்டாம். சணல் நூலில் இலவங்கப் பட்டையோடு மாற்றி மாற்றிக் கோக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். வரிசை கோணலாக இருந்தால்தான் என்ன?

அடுத்தது, பூங்காவில் பொறுக்கிய பைன் கூம்புகள். செதிலின் வெளியடுக்கு ஈரத்தில் உள்ளடுக்கைவிட அதிகமாக நீள்வதால், நனைந்த கூம்பு மூடிக்கொள்கிறது, காய்ந்ததும் விரிகிறது. ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வழக்கமாக எடுக்கும் செடிகளில், ஹாலியின் சிவப்புப் பழங்களும் மிசில்டோவின் வெள்ளைப் பழங்களும் நச்சுத்தன்மை உடையவை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.