உப்புக்காற்றில் ஓடும் காருக்கு எந்த பிளக்?

கேள்வி: என்னுடையது 4 சிலிண்டர் பெட்ரோல் கார்; 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வர மட்டுமே எடுப்பேன். சில வாரங்களாகக் காலையில் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பிய பிறகே எஞ்சின் பிடிக்கிறது, நிற்கும்போது உதறுகிறது. பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். முனையில் இரிடியம் என்ற உலோகம் உள்ள பிளக் போட்டால் இழுவை கூடும் என்கிறார் கடைக்காரர். நம் ஊர் வெயிலுக்குக் ‘கூல்’ பிளக்தான் ஏற்றது என்கிறார் நண்பர். எதை வாங்குவது?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். ‘கூல்’, ‘ஹாட்’ என்று சொல்லப்படுவதற்கும் ஊர் வெயிலுக்கும் தொடர்பு இல்லை. எரியும் பெட்ரோலின் சூட்டை பிளக்கின் முனை எவ்வளவு விரைவாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதைத்தான் அந்தச் சொற்கள் குறிக்கின்றன. விரைவாகக் கடத்துவது ‘கூல்’, மெதுவாகக் கடத்துவது ‘ஹாட்’. முனையின் சூடு சுமார் 500 டிகிரியைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும்; 850 டிகிரியை நெருங்கினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படிதான் தயாரிப்பாளர் ‘கூல்’, ‘ஹாட்’ அளவைக் காட்டும் ஹீட் ரேஞ்ச் எண்ணைத் தீர்மானித்திருக்கிறார். நீங்கள் ஓட்டுவது குறைந்த தூரம். எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. இந்த ஓட்டத்துக்குக் ‘கூல்’ பிளக் போட்டால் கரி இன்னும் வேகமாகச் சேரும்.

அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் பெரிதானால் ‘கூல்’. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் பெரிதானால் ‘ஹாட்’. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து இன்னொரு நிறுவனத்தின் பிளக்கை வாங்கக் கூடாது. பிளக்கின் மேல் உள்ள குறியீட்டில் இன்னும் பல விவரங்கள் அடங்கியிருக்கின்றன. எடுத்துக்காட்டாக, என்.ஜி.கே.யின் பிபிஆர்6இஎஸ் (BPR6ES) என்பதில் முதல் ‘பி’ 14 மில்லிமீட்டர் மரையையும், ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர் இருப்பதையும், ‘6’ ஹீட் ரேஞ்சையும், ‘இ’ 19 மில்லிமீட்டர் மரை நீளத்தையும் சொல்கின்றன. மரை நீளம் தவறினால் பிளக்கின் முனை பிஸ்டனில் இடிக்கவும்கூடும். காருடன் வந்த கையேட்டில் அச்சாகியிருக்கும் குறியீட்டை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே குறியீடோ, பிளக் நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் காருக்கு நேராக இருப்பதோதான் வேண்டும் என்று கேளுங்கள்.

இரிடியத்தால் இழுவை கூடும் என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்; அது உழைக்கும், அவ்வளவுதான். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் அதன் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக வைத்தும் தேயாமல் நிற்கிறது. நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இரிடியம் ஒரு லட்சத்தைத் தொடக்கூடும். கையேடு இரிடியம் என்று சொன்னால் அதையே போடுங்கள். நிக்கல் என்று சொல்லியிருந்தால், நம் கடற்கரையில் ஓடும் காருக்கு நிக்கல் பிளக்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

காரணம் இதுதான். இங்கே முனை தேய்வதற்கு முன்பே பிளக்கின் உடம்பை உப்பு தின்றுவிடுகிறது. தென்கடலிலிருந்து கச்சானும் வடகடலிலிருந்து வாடையும் மாறி மாறி வீசும் பாம்பன், மண்டபம் பகுதியில் இரவெல்லாம் வெளியில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். சென்ற ஆண்டு பாம்பனில் அப்படி ஒரு காரில், பிளக்கின் மேல் அமர்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலை நான் கழற்றியபோது, பிளக் குழியின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வாஷரைச் சுற்றிச் செந்துரு வளையமாகக் கட்டியிருந்தது. மூன்று பிளக்குகள் வந்துவிட்டன. நான்காவது பாதி திரும்பி இறுகி நின்றது. அலுமினிய ஹெட்டின் மரை போய்விடுமோ என்ற பயத்தில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் முன்னும் பின்னுமாக அசைத்துத்தான் எடுக்க முடிந்தது. லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று எட்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட பிளக் அது.

ஆகவே எந்த வகையைப் போட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மரையில் கிரீஸ் தடவும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையில்லை. தடவினால் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பேனர் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். மெலிந்த மரைக்கு இதைவிடக் குறைவு என்பதால் கையேட்டைப் பாருங்கள். காயிலின் ரப்பர் உறைக்குள் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறிது தடவினால் உப்பு ஈரம் உள்ளே இறங்காது.

கேள்வி: பழைய பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: வேண்டாம். உப்புத்தாளின் துகள் பீங்கானுக்கும் உடம்புக்கும் இடையில் தங்கி, பிறகு சிலிண்டருக்குள் விழும். இரிடியம் முனையோ தேய்த்தால் உடைந்தே போகும். தேய்ப்பதற்குப் பதிலாக முனையின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். அந்த எஞ்சினுக்குப் புது பிளக் வாங்கிப் போட்டாலும் சில வாரங்களில் அதே நிறத்துக்கு வந்துவிடும்.