மாயாவிக்கு ஈரம் ஆகாது: காமிக்ஸ் வாசகர் கேள்வி – பதில்

வேளச்சேரி வாசகர்: தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். லயன், முத்து, ராணி காமிக்ஸ் இதழ்கள் சுமார் 400 இரும்பு பீரோவில் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் போதும், தாள் உப்பிவிடுகிறது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கையோடு வருகிறது. அந்துருண்டை, வேப்பிலை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. என்ன செய்வது?

முதலில் அந்துருண்டையையும் வேப்பிலையையும் வெளியே எடுங்கள். அந்துருண்டை ஈரத்தை உறிஞ்சாது. அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக வைக்கும், அந்த அறையில் படுப்பவர்களுக்கும் ஆகாது. பச்சை வேப்பிலையே ஈரம்தான், அட்டையில் கறையும் விடும்.

அடுத்து பீரோ நிற்கும் இடம். வெளிச்சுவரை ஒட்டி நின்றால் சுவரின் ஈரம் அப்படியே உள்ளே இறங்கும். சுவரிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி, அரை அடி உயர மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். கீழ்த்தட்டில் புத்தகம் வேண்டாம். வேளச்சேரி தரைத்தளத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு, இதழ்களை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். ஆனால் மழைக்காலத்தில் மாற்றாதீர்கள். ஈரக் காற்றோடு சேர்த்து மூடினால் பெட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். சென்னையில் இதற்குத் தோதான நேரம் மே கடைசி, ஜூன் தொடக்கம். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாளில், கடற்காற்று நுழைவதற்கு முன், முற்பகலில் வேலையை முடித்துவிடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் ஏ.சி. அறையில் இரண்டு மூன்று மணி நேரம் இதழ்களைப் பரப்பி வைத்துவிட்டு அங்கேயே அடுக்குங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். நம் காமிக்ஸ்களில் பெரும்பாலானவை நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாள். அந்தத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெயில் பட்டால் வேகமாகப் பழுப்பேறும்.

20 லிட்டர் பெட்டிக்கு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம் போதும். துணிப்பையில் கட்டி, புத்தகத்தில் படாமல் ஓரத்தில் வையுங்கள். நீல நிற மணிகளில் நச்சுள்ள கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டுக்கு ஆரஞ்சு நிறமே நல்லது. ஈரம் நிறைந்ததும் அது கரும்பச்சையாகும். அப்போது 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கட்டும். 35-க்குக் கீழே போனால் பழைய தாள் அப்பளமாக நொறுங்கும்.

அடுத்து, ஸ்டேப்ளர் பின் விஷயம். துருப்பிடித்த பின்னை வெளிப்பக்கமிருந்து நெம்பி இழுத்தால் முதுகு கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய மெல்லிய கத்தியால் மடங்கிய இரு கால்களையும் நிமிர்த்திவிட்டு, பிறகு முதுகுப் பக்கமாக நேரே எடுக்க வேண்டும். துருக்கறையைச் சுரண்டாதீர்கள், ஓட்டை விழும். புதுப் பின் வேண்டாம். பழைய துளைகள் வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, நடுப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். நூல் துருப்பிடிக்காது.

உறை வாங்கும்போது பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாடை அடித்தால் பெரும்பாலும் அது பி.வி.சி.; நாளாவட்டத்தில் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். இதழின் அகலத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். உள்ளே சாதாரணப் பழுப்பு அட்டையை வைத்தால் அதன் அமிலம் புத்தகத்துக்கு ஏறும், அமிலமற்ற வெள்ளை அட்டைதான் வைக்க வேண்டும். பசையுள்ள மடிப்பு பின்பக்கம் இருக்கட்டும். புத்தகத்தை உருவும்போது முன் அட்டை பசையில் மாட்டிக் கிழிவதுதான் அதிகம் நடக்கும் விபத்து.

பெரம்பூர் வாசகர்: முத்து காமிக்ஸின் முதல் இதழ், 1972-ல் வந்த அசல் என்று சொல்லி ஒருவர் பெரிய விலை கேட்கிறார். அசலா, மறுபதிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வந்தது. பின்னாளில் பலமுறை மறுபதிப்பு கண்ட கதை என்பதால் சந்தேகப்படுவது சரிதான்.

பதிப்பக முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு இந்தியாவில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஜனவரி இதழில் ஆறு இலக்கம் இருந்தால் அது முதல் பதிப்பில்லை. ஆனால் பின்கோடு இல்லை என்பதாலேயே அசலாகிவிடாது. பலர் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பின்கோடு போடாமலே அச்சடித்தார்கள்.

அடுத்தது எழுத்து. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை பெரும்பாலும் துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா சுழித்த வடிவிலும் இருக்கும். இப்போதைய வடிவங்கள் சீராக ஓடினால் பிந்தைய அச்சு என்று சந்தேகிக்கலாம். கணினி எழுத்து என்றால் பேச்சே வேண்டாம்.

விளம்பரப் பக்கம் இன்னும் நல்ல சாட்சி. ‘இதுவரை வெளிவந்தவை’ என்ற பட்டியல் முதல் இதழில் இருக்க வழியே இல்லை.

கடைசியாக அட்டை. உட்பக்கம் அசலாக இருந்து, அட்டை மட்டும் நகலாக இருப்பதும் உண்டு. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஆஃப்செட் அச்சில் நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் பூப்போல அமைந்திருக்கும், இங்க்ஜெட் நகலில் புள்ளிகள் தெளித்தாற்போல் சிதறிக் கிடக்கும், லேசர் நகலில் மை தாளின் மேல் பளபளப்பாகப் படிந்திருக்கும். முதுகில் பின் துளைகள் இரண்டு ஜோடியாக இருந்தால் அட்டை ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. இத்தனையையும் நேரில் பார்க்க விடாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை அட்டைப்படத்தை நம்பி வாங்கும் பொருள் இல்லை இது.

அம்பத்தூர் வாசகி: ‘மாயாவி கதைகள் 10’ என்று விளம்பரம் பார்த்து வாங்கினேன். வந்தவர் வேறு மாயாவி! எத்தனை மாயாவிகள்தான் இருக்கிறார்கள்?

இருவர். முத்து காமிக்ஸின் மாயாவிக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடல் முழுக்க மறைந்துபோகும். 1962-ல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் தொடங்கியவர். 1984-ல் ஆரம்பித்த ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி அணிந்த காட்டு வீரர். லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ‘ஃபாண்டம்’. இவரையே லயன் - முத்து இதழ்களில் வேதாளர் என்கிறார்கள். மொத்தமாக வாங்கும்போது, எந்தப் பதிப்பகத்து மாயாவி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தாம்பரம் வாசகர்: பழைய இதழ்களின் அட்டையில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. பிய்த்துவிடலாமா?

டேப் இன்னும் பளிச்சென்று இருந்தால் வாய்ப்புண்டு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்தைத் தூக்கி, டேப்பைத் தன் மேலேயே மடித்தாற்போல் மிக மெதுவாக இழுங்கள். மேலே இழுத்தால் படமும் சேர்ந்து வரும். டேப் பழுப்பாகிக் காய்ந்திருந்தால் பிளாஸ்டிக் தானாக உதிரும், கறை மட்டும் தங்கும். கறையை விட்டுவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியைத் தொட்டால் கறையோடு மையும் கரைந்துவிடும்.

கிழிசலை ஒட்ட ஜப்பானிய டிஷ்யூ என்ற மெல்லிய நார்த் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். கடைப் பசையோ மைதாவோ வேண்டாம். மைதாவின் புரதம் பூச்சியை அழைக்கும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோலவே மாவைப் பிசைந்து, தண்ணீரில் கசக்கிப் பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை மண்டியை எடுங்கள். ஒரு பங்கு மண்டிக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் அரை மணி நேரம் கிண்டினால் கண்ணாடிபோல வரும். வடிகட்டி, ஆறவைத்து, மூன்று நாளுக்குள் பயன்படுத்துங்கள். பைண்டிங் கடைகளில் போடுவதுபோல மயில்துத்தம் சேர்க்காதீர்கள். தாமிரம் தாளை அரிக்கும். டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கையால் கிழியுங்கள். நார் பிசிறு தெரியும் ஓரம்தான் தாளோடு இழைந்து ஒட்டும். ஒட்டியபின் இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: பத்துப் பத்தாக பைண்ட் செய்தால் பாதுகாப்புதானே?

பைண்டிங்கில் மூன்று பக்கமும் வெட்டுவார்கள். ஓரத்து வசனம் போகும், பக்கத் தையல் உள் ஓரப் படத்தை விழுங்கும். பைண்ட் வேண்டாம், பெட்டி போதும்.

மயிலாப்பூர் வாசகி: பழைய கடையில் வாங்கிய இதழ்களில் ராமபாணப் பூச்சி இருக்கிறது. மற்ற புத்தகங்களுக்குப் பரவுமா?

பரவும். பழைய புத்தகக் கடையில் வாங்கினாலும் நடைபாதையில் வாங்கினாலும், புது வரவை உடனே அலமாரியில் சேர்க்காதீர்கள். இரண்டு உறைகளில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் அந்தக் குளிர் வராது, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காமல் விட வேண்டும். அப்போதுதான் வியர்க்கும் தண்ணீர் உறைக்கு வெளியே நிற்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் அது புத்தகத்தின் மேல் படியும்.