நெருங்கிய தோழியே வகுப்பில் போட்டி. சேர்ந்து படிப்பதா, விலகிவிடுவதா?

பதினொன்றாம் வகுப்பு, நாலு பேர் கொண்ட நட்பு வட்டம், அதில் மிக நெருங்கியவள் ஒவ்வொரு தேர்விலும் நாலைந்து மதிப்பெண் முன்னால் நிற்கிறாள். நோட்ஸ் கேட்டால் கொடுக்க மனம் வரவில்லை, கொடுக்காவிட்டால் உறுத்துகிறது, பேசாமல் எல்லோரையும் விட்டுத் தனியாகப் படித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலக வேண்டாம். ஆனால் இப்போது நடப்பது போலவே தொடர்ந்தால் நட்பும் கசக்கும், மதிப்பெண்ணும் ஏறாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நுழைவுத் தேர்வை ஐம்பதாயிரம் பேர் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். உங்கள் தோழி உங்களை முந்தினால் உங்கள் தரவரிசை இறங்குவது சரியாக ஓர் இடம். அதே தேர்வில் நீங்கள் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சரியாகப் போட்டால், எல்லோரும் நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான இடங்கள் ஏறிவிடலாம். அந்த ஒரு கேள்வியைச் சொல்லித் தரக்கூடியவளோடு பேச்சை நிறுத்துவது நஷ்டக் கணக்கு. இதற்கு விதிவிலக்கு உண்டு. வகுப்பில் முதல் இடம், ஒருவருக்கு மட்டும் தரும் உதவித்தொகை என்று வந்தால் உண்மையாகவே ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்கிறார். அங்கே "நமக்குள்ள என்ன போட்டி" என்று நடிக்காதீர்கள். "நானும் இதுக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று விண்ணப்பிக்கும் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள். தோற்றதைவிட, தெரியாமல் விண்ணப்பித்தாள் என்பதே பெரும்பாலும் நட்பை முறிக்கிறது.

எரிச்சல் வருவதற்கு நீங்கள் கெட்டவர் என்று பொருளில்லை. சமூக உளவியலாளர் ஏப்ரகாம் டெஸர் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். முந்துகிறவர் நெருக்கமானவராகவும், முந்துகிற துறை நம் அடையாளமாகவே நாம் நினைப்பதாகவும் இருந்தால் அதிகம் வலிக்கும். அதே நெருங்கியவர் நமக்கு முக்கியமில்லாத துறையில் ஜெயித்தால் பெருமையாக இருக்கும். தோழி ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்கினால் கைதட்டுகிறீர்கள், வேதியியலில் இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கினால் அன்று அவளோடு பேசப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே மனம்தான். நட்பு முழுவதையும் மதிப்பெண்ணைச் சுற்றியே ஓட விடாமல், படிப்போடு சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை இருவரும் சேர்ந்து செய்வது இதனால்தான் அவசியமாகிறது.

அதிகம் காயம் படுவது விடைத்தாள் கையில் வரும் அந்தப் பத்து நிமிடத்தில். "உனக்கு எவ்ளோ?" என்ற கேள்வியை அன்று தவிர்க்க இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் உட்கார்ந்து மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் கவனக்குறைவில் போனது, நேரம் போதாமல் விட்டது. 18 மதிப்பெண் போயிருந்தால் 7, 6, 5 என்று ஏதாவது வரும். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். கவனக்குறைவுப் பிழைகளில் ஒரு பழக்கம் ஒளிந்திருக்கும். சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோகும்போது கழித்தல் குறியை மறப்பது, அலகு எழுதாமல் விடுவது போல. தன் தாளில் இது கண்ணுக்குத் தெரியாது, அடுத்தவர் தாளில் பளிச்சென்று தெரியும்.

இனி சேர்ந்து படிப்பது. பெரும்பாலான குழுக்கள் வீணாய்ப் போவதற்குக் காரணம், தனியாகச் செய்ய வேண்டியதைக் கூட்டமாகச் செய்வது. நாலு பேர் ஒரே பக்கத்தைச் சேர்ந்து வாசிப்பதில் ஒரு பயனும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் 1970களில், நுண்கணிதம் படிக்கும் முதலாண்டு மாணவர்களைக் கவனித்தார். நன்றாகச் செய்தவர்களில் பலர் முதலில் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு கூடி விடைகளை ஒப்பிட்டு, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். திணறியவர்களில் பலர் உழைப்பில் குறைவில்லாதவர்கள்தான், ஆனால் முழுக்கத் தனியாகவே படித்தார்கள். கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வுதான், ஆனாலும் அந்த வரிசை பள்ளிக்கும் அப்படியே பொருந்தும்: முதலில் தனியாக, பிறகு சேர்ந்து.

மூன்று பேர் சரியான அளவு, நாலு வரை சமாளிக்கலாம். ஐந்தாவது ஆள் வந்ததும் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 90 நிமிடம் போதும். எந்தப் பாடம், எந்தப் பத்துக் கணக்கு என்று முந்தைய நாளே முடிவு செய்து, எல்லோரும் தனியாக முயன்று பார்த்துவிட்டு வர வேண்டும். முயலாமல் வருபவர் அன்று கேள்வி கேட்கலாம், விடையைப் பார்த்து எழுதக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் குழு ஒரே மாதத்தில் ஒருவரின் இலவச டியூஷனாக மாறிவிடும்.

முதல் 20 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதுங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

மீதி நேரம் முழுவதும் விடை வேறுபட்ட கணக்குகளுக்கு மட்டும். எல்லோருக்கும் ஒரே விடை வந்தவற்றைத் தாண்டிப் போங்கள். உதாரணமாக, உராய்வில்லாத 30 பாகைச் சாய்தளத்தில் நழுவும் கட்டையின் முடுக்கம். ஒருத்திக்கு 4.9 மீ/வி², இன்னொருத்திக்கு 8.5. உடனே விடைப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஒருத்தி சைன் போட்டிருக்கிறாள், மற்றவள் காஸ். "கோணத்தைப் பூஜ்ஜியமா வச்சுப் பாரு" என்று யாராவது சொன்னால் போதும். தளம் சமமாகக் கிடந்தால் கட்டை நகரவே கூடாது, ஆனால் காஸ் பூஜ்ஜியம் ஒன்று, அதாவது தடையில்லாமல் நேராகக் கீழே விழுவது போன்ற முடுக்கம் வரும். தப்பு எங்கே என்று தானாகத் தெரிந்துவிடும். விளக்கியவளுக்கும் அது ஆயுசுக்கும் மறக்காது. நன்றாகப் படிப்பவர் சொல்லிக் கொடுப்பதால் நஷ்டப்படுவதில்லை என்று சொல்வது இதனால்தான். ஆனால் ஒரே ஆள் எப்போதும் விளக்கிக்கொண்டிருந்தால் நிச்சயம் நஷ்டம். பாடத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றிப் பொறுப்பு கொடுங்கள்.

கைபேசிகள் எல்லாம் பக்கத்து அறையில். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது.

நோட்ஸ் விஷயத்துக்கு வருவோம். மூலத்தைக் கொடுக்காதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு "நோட் திருப்பிக் குடு" என்று அலைவதால் வரும் சண்டைகள் அத்தனையும் இதில் ஒழியும். தோழி பள்ளிக்கு வராத நாளின் குறிப்பைத் தயங்காமல் கொடுங்கள். வகுப்பில் இருந்தும் எழுதாமல் இருந்தவர் மூன்றாவது முறையும் கேட்டால், "இந்தப் பாடத்த நான் அனுப்பறேன், அடுத்தத நீ எழுதி எனக்கு அனுப்பு" என்று சொல்லுங்கள். கேட்டவருக்கும் முகம் சுண்டாது. வீட்டுப்பாடத்தையும் செய்முறைப் பதிவேட்டையும் காப்பியடிக்கக் கொடுப்பது வேறு விஷயம். ஆசிரியர் இரண்டும் ஒன்று போலிருப்பதைக் கண்டுபிடித்தால் யார் எழுதினார், யார் பார்த்தார் என்று பிரித்துப் பார்க்க மாட்டார்.

"அய்யோ, நான் ஒண்ணுமே படிக்கலடி" என்ற வசனத்தையும் விட்டுவிடுங்கள். குறைந்தால் சாக்கு, அதிகம் வந்தால் பெருமை என்று இரண்டு பக்கமும் வசதி. உளவியலாளர்கள் பெர்க்லாஸும் ஜோன்ஸும் 1978இல் ஆராய்ந்த, தோல்விக்கு முன்கூட்டியே சாக்கு தேடிவைக்கும் பழக்கத்தின் உறவுதான் இதுவும். நம்பி உண்மையிலேயே படிக்காமல் வந்த தோழிக்கு, முடிவு வரும் நாளில் நீங்கள் ஏமாற்றியதாகத்தான் தோன்றும். எவ்வளவு படித்தீர்கள் என்று சொல்ல விருப்பமில்லை என்றால் "ஓரளவு முடிச்சேன், ரெண்டு பாடம் பாக்கி" என்று உள்ளதைச் சொல்லலாம்.

தேர்வு மாதங்களில் நண்பர்களைப் பார்க்கவே நேரமில்லை என்பவர்கள் பெரும்பாலும் தூக்கத்தையும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. அதை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் படிப்புப் பேச்சே இல்லாமல் நண்பர்களோடு, நாள் குறித்து. "நேரம் கெடச்சா பாக்கலாம்" என்று விட்டால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. மற்ற நாட்களில் அழைப்பு வந்தால் "இன்னிக்கு முடியாது, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன்" என்று மாற்று நேரத்தோடு மறுத்துவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் தோழி உங்கள் குறைந்த மதிப்பெண்ணை மற்றவர் முன் கிண்டல் செய்கிறாள், தன் தாளை மட்டும் மறைக்கிறாள் என்றால், குழுவிலிருந்து மட்டும் வெளியே வாருங்கள். "எனக்குத் தனியா படிச்சாதான் ஏறுது" என்று காரணம் சொன்னால் போதும். சனிக்கிழமைச் சந்திப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.