ஓடுகிற ஓட்டத்திலேயே சார்ஜ் ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே மின்சாரக் காரில் அடிக்கடி போய்வருகிறேன். ரோட்டுக்குள் கம்பிச்சுருள் பதித்தால் ஓடும்போதே சார்ஜ் ஏறும் என்கிறார்களே, நம் நாற்கரச் சாலையில் அது சாத்தியமா?
– வள்ளியூர் வாசகர்

சாத்தியம்தான். ஆனால் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தாருக்கு அடியில் செம்புக் கம்பிச்சுருள்களை வரிசையாகப் பதிப்பார்கள். காரின் அடியில் இன்னொரு சுருள் இருக்கும். கீழே இருப்பதில் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்சாரத்தை விட்டால், அதன் காந்தப்புலம் மேலே இருக்கும் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். கார் மேலே வரும்போது மட்டும் அந்தந்தச் சுருள் உயிர்பெற்று, கடந்ததும் அணைந்துவிடும். ஒன்றரை மீட்டர் நீளச் சுருளை 80 கி.மீ. வேகத்தில் கடக்க ஏறக்குறைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் காரை அடையாளம் கண்டு மின்சாரத்தைத் திறந்து மூட வேண்டும். சிரமமே அங்கேதான்.

இப்போது கணக்கு. காருக்கு 20 கிலோவாட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் ஒரு கி.மீ.யைக் கடக்க 45 நொடி. ஏறுவது கால் யூனிட். கி.மீ.க்கு 0.15 யூனிட் தின்னும் கார் அதை வைத்து ஒன்றரை கி.மீ. சொச்சம் ஓடும். நாகர்கோவில் வரை சுமார் 80 கி.மீ.; பேட்டரி குறையாமல் போய்ச்சேர ஏறக்குறைய 48 கி.மீ.க்குச் சுருள் வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். ஒரே கி.மீ.யில் 20 கார் ஓடினால் 400 கிலோவாட். வழிநெடுக டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாக வேண்டும். முப்பந்தல் காற்றாலைகள் பக்கத்தில் இருக்கின்றன என்பது இந்தச் செலவைக் குறைக்காது. வழக்கமாக விற்பனைக்கு வரும் கார்களில் அடிச்சுருளும் இல்லை. உங்களுக்கு இன்று உதவுவது வழியில் இருக்கும் வேகச் சார்ஜர்தான்.

வெளிநாட்டிலும் இதுவரை போட்டிருப்பவை சிறு துண்டுகள்தான். சுவீடனின் காட்லாந்து தீவில் 1.65 கி.மீ.; டெட்ராய்ட்டின் 14ஆம் தெருவில் 2023இல் திறந்தது கால் மைல்.

அப்படியானால் டவுன் பஸ்களுக்காவது பயன்படுமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பயன்படும், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. பஸ்ஸுக்குத் தடம் மாறாது, நிற்கும் இடமும் மாறாது. தென்கொரியாவின் குமி நகரில் 2013இல் 24 கி.மீ. தடத்தில் இப்படிப் பஸ் ஓட்டினார்கள். சாலைக்கும் பஸ்ஸுக்கும் இடைவெளி 17 செ.மீ., திறன் 100 கிலோவாட். தடம் முழுக்கத் தோண்டவில்லை, அங்கங்கே சில துண்டுகளில் மட்டும் சுருள்.

வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் 10 நிமிடம் நிற்கும் பஸ்ஸுக்கு 100 கிலோவாட்டில் 16 யூனிட்டுக்கு மேல் ஏறும். கி.மீ.க்கு ஒன்றேகால் யூனிட் என்றால் 13 கி.மீ. ஓட்டம். நிற்கிற இடத்தில் மட்டும் பதித்தால் தோண்டுவதும் கொஞ்சம், பழுதுபார்ப்பதும் எளிது.

கெடுவது எங்கே? முதலாவது, டிரைவர் நேராக நிறுத்தாதது. கார்களின் கம்பியில்லாச் சார்ஜுக்கான தரவிதியில் பக்கவாட்டில் 10 செ.மீ. விலகல்வரைதான் அனுமதி, அதைத் தாண்டினால் திறன் சரியும். சக்கரம் முட்டி நிற்க ஒரு திட்டும், தரையில் மஞ்சள் கோடும் கட்டாயம் வேண்டும். இரண்டாவது, சுருளுக்கு மேல் கிடக்கும் இரும்புத் துண்டு, வாஷர், குட்கா பாக்கெட்டின் உலோகத் தாள். இவை சூடேறித் தீப்பற்றவும் கூடும். அதைக் கண்டறியும் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும். டிரைவர் முன் விளக்கு இல்லையென்றால் சார்ஜ் ஏறாததே தெரியாமல் வண்டியை எடுத்துவிடுவார். தினமும் தளத்தைப் பெருக்குவது இங்கே பராமரிப்பு வேலையில் சேரும்.

மழைநீர் காந்தப்புலத்தைத் தடுக்காது. இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுவதுதான் ஆபத்து. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறிய உயரத்துக்கும் மேலே, சுருளுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பெட்டியை வைக்க வேண்டும். பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டுகிறவர்கள் கையில் கேபிள் வரைபடம் இருக்க வேண்டும். ஒரு மண்வெட்டி வெட்டு போதும், முழு வரிசையும் நின்றுவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வண்டியில் ஏறலாமா?
– தென்காசி வாசகர்

காருக்கான அதே தரவிதியில் பொதுமக்களுக்கு 27 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு 15 மைக்ரோடெஸ்லா என்று உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். வண்டியின் அடியில் இருக்கும் அலுமினியத் தகடு காந்தப்புலத்தை மேலே வரவிடாமல் தடுப்பதால் இருக்கையில் அளவு குறைவு. புலம் வலுவாக இருப்பது வண்டிக்கும் தரைக்கும் நடுவில். சார்ஜ் ஏறும்போது கீழே விழுந்ததை எடுக்க வண்டிக்கு அடியில் குனியாதீர்கள். உங்கள் இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.