87 மதிப்பெண் வாங்கிய லைப்ரரியை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் நாற்பது பேர் கொண்ட சிறிய மென்பொருள் நிறுவனம். பில்லிங் மென்பொருளில் பிடிஎஃப் உருவாக்க ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியார் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) தேர்ந்தெடுத்திருக்கிறோம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 14,000 ஸ்டார் வாங்கியது. ஆலோசனை நிறுவனம் ஒன்று இதை ஆராய்ந்து, ‘100-க்கு 87, ஆரோக்கியமான திட்டம்’ என்று அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் மாதாமாதம் மதிப்பெண் அனுப்புவார்களாம். நம்பி இறங்கலாமா? எங்கள் மூன்று அணிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் உள் நிரலுக்கும் இதே மதிப்பெண்ணைப் போடலாம் என்கிறார்கள்.

பதில்: சந்தா கட்டாதீர்கள். அந்த 87 எப்படி வந்தது என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா, பாருங்கள். நான் பார்த்த இத்தகைய அறிக்கைகளில் பெரும்பாலும் ஸ்டார், ஃபோர்க் (பிறர் எடுத்துக்கொண்ட நகல்), கமிட் (நிரலில் பதிவான மாற்றம்) எண்ணிக்கைகளைக் கலந்து ஓர் எண் செய்திருப்பார்கள். ஸ்டார் என்பது போகிற போக்கில் ஒருவர் தட்டிவிட்டுப் போகும் பொத்தான். அதைக் காசுக்கு விற்கும் கடைகளும் இருக்கின்றன. விலைப்பட்டியல் போட்டே விற்கிறார்கள்.

இத்தகைய அறிக்கைகளில் வரும் ‘95 சதவீதப் புகார்கள் முடித்துவைக்கப்பட்டன’ என்ற வரியிலும் ஏமாந்துவிடாதீர்கள். பல திட்டங்களில், குறிப்பிட்ட நாள்வரை யாரும் பேசாத இஷ்யூவை, அதாவது புகாரை, ஒரு பாட் (தானியங்கி நிரல்) தானாகவே மூடிவிடும். எதையும் யாரும் சரிசெய்திருக்க மாட்டார்கள், எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2017 முதல் கேயாஸ் என்ற குழு இதற்கான அளவுகோல்களை இலவசமாகவே வெளியிட்டு வருகிறது. நிறைய இருக்கின்றன. உங்களுக்கு இரண்டு போதும்: வெளியாள் ஒருவர் கேட்டால் மனிதர் ஒருவரின் முதல் பதில் எத்தனை நாளில் வருகிறது? மொத்த வேலையில் பாதியை எத்தனை பேர் சுமக்கிறார்கள்?

நீங்கள் குறிப்பிட்ட லைப்ரரியை நானும் திறந்து பார்த்தேன். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் ஷார்ட்லாக் கட்டளையைக் கொடுத்தால் யார் எத்தனை கமிட் செய்தார்கள் என்று வரிசையாக வந்துவிடும். கடந்த ஓராண்டில் 340. அதில் 190 பாட் போட்டவை. மீதி 150-ல் 118 ஒரே ஆளுடையவை. அவர் நாளைக்கு வேலை மாறினால் திட்டம் நின்றுபோகும். அப்புறம், பிறர் அனுப்பிய திருத்தங்கள் காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் பழையதிலிருந்து பார்த்தேன். பிடிஎஃப்பில் தமிழ் எழுத்து உடைவதை ஒருவர் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். ‘கே’ என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதாம். ஏழு மாதமாக அப்படியே கிடக்கிறது. கீழே பாட் ஒட்டிய லேபிள் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் பில்லில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் வருமென்றால் இது உங்கள் பிரச்சினை. 87-ல் இது எங்கே இருக்கிறது?

ஒரே ஆளை நம்பியிருப்பது சின்ன விஷயமல்ல. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோதுதான், உலகத்தின் எத்தனையோ வெப் சர்வர்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒருவரே என்பது பலருக்குத் தெரிந்தது. ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பத்தாண்டு கழித்து, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் விவகாரம். அங்கேயும் களைத்துப்போன ஒரே பராமரிப்பாளர். உதவ வந்த புதியவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பெயர் எடுத்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்துவிட்டார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளியே வந்தது. யோசித்துப் பாருங்கள்: அந்தக் காலகட்டத்தில் மதிப்பெண் போட்டிருந்தால் இரண்டாவது ஆள் வந்துவிட்டார், வேலை சூடுபிடித்திருக்கிறது என்று எண் ஏறித்தான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் நிறுவனங்கள் கொள்முதல் படிவத்தில் ‘ஆரோக்கிய மதிப்பெண்’ என்று ஒரு கட்டம் வைக்கின்றன. அந்தத் திட்டத்துக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. இது எனக்குக் கோபம் தருகிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். அமைதியாக இருக்கும் எல்லாத் திட்டமும் செத்துப்போனதல்ல. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் எழுதிய டெக் அச்சுக்கோப்பு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பதிப்பு எண் ஒவ்வொரு முறையும் பை எண்ணுக்கு ஓர் இலக்கம் நெருங்கும். 2014-ல் ஒரு திருத்தம், அடுத்தது 2021-ல். கமிட் எண்ணும் கருவி இதைப் பிணம் என்றுதான் சொல்லும். உண்மையில் அது முடிந்த வேலை, வந்த பிழைகளைச் சேர்த்துவைத்து ஆண்டுகள் கழித்து ஆற அமரத் திருத்துகிறார். ஆகவே, ஓசை இல்லையென்றால் புகார் பக்கத்தைப் பாருங்கள். புகாரே இல்லையென்றால் வேலை முடிந்திருக்கலாம். புகார் குவிந்து பதில் இல்லையென்றால் ஆள் போய்விட்டார். இன்னொன்று, அந்த நிரல் வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சொல்லாக மாற்றும் நாற்பது வரி நிரல் ஐந்து ஆண்டு சும்மா இருக்கலாம். பிடிஎஃப் லைப்ரரி அப்படி இருக்க முடியாது. எழுத்துருவும் படமும் வெளியிலிருந்து அதற்குள் போகின்றன, பாதுகாப்பு ஓட்டை வருவது அந்த வழியாகத்தான். உங்களுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

உள் நிரலுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். கமிட் எண்ணிக்கையைச் சம்பள உயர்வோடு முடிச்சுப்போட்டால் ஒரு திருத்தத்தைப் பத்தாக உடைத்து அனுப்புவார்கள். பக்கத்து அணியிலிருந்து வந்த திருத்தங்கள் எத்தனை, அவை எத்தனை நாள் காத்திருந்தன என்று மாதம் ஒருமுறை பாருங்கள். காத்திருப்பு நீண்டால் ஆளைத் திட்டாதீர்கள், பார்த்துச் சேர்ப்பதற்கு ஒருவருக்கு நேரம் ஒதுக்குங்கள்.

லைப்ரரிக்கு வருகிறேன். சந்தாப் பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பராமரிப்பாளருக்கு ஸ்பான்சராக அனுப்ப முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். உங்கள் அணியில் ஒருவருக்கு அரை நாள் கொடுத்து, கிடப்பில் இருக்கும் அந்தத் தமிழ் எழுத்துத் திருத்தத்தைச் சோதித்து, முடிவை அந்தப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் மனிதர் யாரும் பதில் சொல்லவில்லையென்றால் வேறு லைப்ரரி தேடுங்கள்.