சோப்புக்குள்ளே ஒரு பொம்மை

கேள்வி: உள்ளே குட்டி பொம்மை தெரிகிற மாதிரி சோப்பு செய்து குழந்தைகளுக்குப் பரிசளிக்க ஆசை. காஸ்டிக் சோடாவைத் தொடாமல் வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. காஸ்டிக் சோடா கலந்து செய்யும் சோப்பு பதமாவதற்கே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மங்கலாகவும் இருக்கும், பொம்மை தெரியாது. ‘மெல்ட் அண்ட் போர்’ (உருக்கி ஊற்றுவது) எனப்படும், கண்ணாடி மாதிரி தெளிந்த கிளிசரின் சோப் பேஸ், அதாவது தயாராக விற்கும் சோப்புக் கட்டி வாங்குங்கள். குளியல் சோப்பைத் துருவி உருக்கினால் கூழாகுமே தவிர தெளியாது.

100 கிராம் எடையில் ஐந்து சோப்புக்கு அரை கிலோ பேஸ் போதும். 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெல்லக் கிளறவும், வேகமாகக் கலக்கினால் நுரை தங்கிவிடும். பேஸ் கொதிக்கவே கூடாது. அதிலுள்ள நீர் வற்றினால், ஆறியபின் சோப்பு ரப்பர் போல இருக்கும். சோப்புக்கென்றே விற்கும் நிறத்தில் 100 கிராமுக்கு இரண்டு சொட்டு விடலாம். கூடினால் பொம்மை மறைந்துவிடும். சமையல் நிறம் வெளிறும், துண்டிலும் ஒட்டும். குழந்தைகளுக்கு வாசனை சேர்க்காமலிருப்பதே நல்லது.

சிலிகான் அச்சில் பாதி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே ஏடு படிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்து, பொம்மையை வைத்து, மறுபடி தெளித்து, மீதியை ஊற்றுங்கள். குமிழிகள் உடையவும் இரண்டு அடுக்கும் ஒட்டவும் அதுதான் உதவுகிறது. இந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே வேண்டாம். இரண்டாவது ஊற்று 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். சூடு அதிகமானால் கீழ் அடுக்கு இளகிப் பொம்மை அமிழும். குறைந்தால் சோப்பு கையில் இரண்டாகப் பிரியும்.

கேள்வி: பொம்மை மிதந்து மேலே வந்துவிடுகிறதே?

பதில்: உள்ளே காற்று இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொம்மையாகப் பாருங்கள். வெற்றுப் பொம்மைதான் இருக்கிறது என்றால், அதன் கால் மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, இறுகியபின் நிரப்புங்கள். இரும்பு துருப்பிடிக்கும், காகிதம் ஊறும், மட்டமான சாயம் உரியும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பொம்மை வைக்கவே வேண்டாம். சோப்பு கரைந்ததும் அது வாய்க்குள் போய்த் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெள்ளை சோப் பேஸில் மைக்கா தூள் (மினுங்கும் நிறத் தூள்) கலந்து, நட்சத்திரம், மீன் என வெட்டி உள்ளே வையுங்கள். அதுவும் சோப்போடு கரைந்துவிடும். திரவ நிறம் கலந்து வெட்டினால் சில நாளில் சாயம் பரவி, உருவம் கலங்கிப்போகும்.

கேள்வி: மறுநாளே சோப்பின் மேல் நீர்த்துளிகள். கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜில் இறுக வைத்து வெளியே எடுத்தால் இன்னும் அதிகமாக வேர்க்கும். வெளியிலேயே மூன்று நான்கு மணி நேரம் விட்டு, அச்சிலிருந்து எடுத்தவுடன் கிளிங் ஃபிலிமால் (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இறுக்கிச் சுற்றிவிடுங்கள். ஏற்கெனவே வேர்த்ததைத் துடைத்துச் சுற்றினால் போதும்.